சோறு ஒருவர், சொல் ஒருவர்

மதுரையில் ஒரு வீட்டு நாயை உட்காரச் சொல்ல ஒரே கூரைக்குள் நான்கு சொற்கள் புழங்குகின்றன. கல்லூரிக்குப் போகும் மகன் யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டு 'சிட்' என்பான். அப்பா 'உக்காருடா' என்பார். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு அது உட்கார்ந்தால் என்ன, நின்றால் என்ன, காலுக்குள் வராமல் இருந்தால் சரி. அவர் சொல்வது 'அங்கிட்டுப் போ'. பேரன் சொல்வதைக் கேட்டுப் பழகிய அப்பத்தா 'சிட்டு, சிட்டு' என்பார். தமிழில் அது குருவி. நாலு பேரும் சொல்லி முடித்தபின் நாய் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பிஸ்கட் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையைப் பார்க்கிறது. 'எவ்வளவு சொல்லியும் அடங்க மாட்டேங்குது' என்று அந்த வீட்டில் புகார் எழுந்தால் அதை நாயின் மேல் சுமத்துவது அநியாயம். இந்த வீட்டில் யார் சொல் செல்லும், யார் சொன்னதை யார் மறுநிமிடமே மாற்றுவார், எவரிடம் கெஞ்சினால் கிடைக்கும் என்பதையெல்லாம் அது பிசகில்லாமல் படித்து வைத்திருக்கிறது. நாயைப் பழக்குவது என்று நாம் சொல்லும் வேலையில் பெரும்பகுதி, வீட்டார் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருவதுதான். அந்தப் பேச்சில் முதலில் கேட்கப்பட வேண்டியவர் சோறு வைப்பவர். நம் வீடுகளில் கடைசியாகக்கூடக் கேட்கப்படாதவரும் அவரே.

சாப்பாட்டு நேரத்தில் மேசையோரம் நின்று கெஞ்சும் நாயை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து பேர். நான்கு பேர் கொடுப்பதில்லை. ஒருவர், அதுவும் எப்போதாவது, தட்டிலிருந்து ஒரு கறித்துண்டைக் கீழே விடுகிறார். ஐந்தில் நான்கு பங்கு கட்டுப்பாடு இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த நீண்ட சோதனைகளை 1957இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி பெற்ற புறா, தீனி நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே தீனி பெற்ற புறாவோ, தீனி அடியோடு நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் புறா தேவையில்லை. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடைசெய்யப்பட்டது; அதற்கு முன்பு பேருந்து நிலைய வாசலில் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பத்துச் சீட்டுக்கும் பரிசு விழுந்தால் அது சம்பளம். ஒரு சீட்டுக்கு மட்டும் எப்போதாவது விழுந்தால்தான் பழக்கம். ஐந்து பேரில் ஒருவர் இளகும் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கடியில் தினமும் குலுக்கல் நடக்கிறது. ஆகவே பாதி ஒற்றுமை பாதிப் பலன் தராது. முழுக்க இளகும் வீட்டைவிட அரைகுறையாக இறுகும் வீட்டில்தான் கெட்ட பழக்கம் ஆழமாக வேர்விடும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. இது தெரியாததால்தான் பெரும்பாலான வீடுகள் மூன்றாம் நாள் தோற்கின்றன. எல்லாரும் கூடிப் பேசி இனிமேல் தட்டிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால், கெஞ்சல் உடனே குறையாது, முதலில் ஏறும். முன்பு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாய் முனகும், முனகியது குரைக்கும், குரைத்தது முன்னங்காலைத் தூக்கி மடியில் வைக்கும். இதுவரை பலித்த வித்தை பலிக்காதபோது எந்த உயிரும் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். பொத்தானை அழுத்தியும் லிஃப்ட் வராவிட்டால் நாம் நாலு தடவை அழுத்துவதில்லையா? உச்சக் குரைப்பு வரும் அந்த இரவில் யாரோ ஒருவர், 'வாயில்லா சீவன், பாவம்' என்று ஒரு வாய் போட்டுவிடுவார். நாய் அன்றைக்குக் கற்பது இது: முனகினால் கிடைக்காது, தெருவே கேட்கும்படி குரைத்தால் கிடைக்கும். மூன்று நாள் பட்ட பாட்டின் பலன், பழைய பழக்கத்தின் இன்னும் முரட்டு வடிவம். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனாலும் வீட்டிலேயே வலுவான பயிற்சியை அந்த ஒரு வாய் கொடுத்துவிட்டது.

சொல்லின் கதையும் இதுவே. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நாய்கள் நன்றாகப் பழகியிருந்த கட்டளைச் சொற்களின் ஒலிகளை லேசாக மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். நாய்கள் பணிவது குறைந்தது. ஓர் ஒலி மாறியதற்கே இப்படி என்றால் 'சிட்', 'உக்காரு', 'ஒக்காரு' எல்லாம் அதற்கு மூன்று வெவ்வேறு சத்தங்கள். தொனி இன்னொரு சிக்கல். புடாபெஸ்டில் ஆட்டிலா அண்டிக்ஸ் குழுவினர் ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழகிய நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் அந்த நாய்களின் மூளையில் பரிசை உணரும் பகுதி விழித்தது. மதுரைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. பாசம் பொங்கும்போது நாம் 'அட எருமை, இங்கிட்டு வாடா' என்போம். எரிச்சலில் 'ரொம்ப நல்ல பிள்ளைதான் போ' என்போம். பெயராவது ஒன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தடுப்பூசி அட்டையில் ப்ரூனோ, அப்பாவுக்கு மணி, சின்னவளுக்குப் புஜ்ஜி, அப்பத்தாவுக்கு வெறும் 'தோ தோ'. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கல்லில் வெட்டும் அளவுக்கு ஊர் முழுக்க ஒரே பெயரில் அறிந்த நாய் அது. நம் நாய்க்குக் கல் நட்டால் எந்தப் பெயரை வெட்டுவது என்பதிலேயே வீட்டில் பஞ்சாயத்து வரும்.

நாயோடு பகல் முழுக்க இருப்பவர் யார் என்று இப்போது பார்க்கலாம். 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். நாய்க்குச் சோறு வடிப்பதும், தட்டு கழுவுவதும், நடையில் அது இருந்து வைத்ததைத் தண்ணீர் விட்டுத் தள்ளுவதும் இந்த 299 நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும். நாய் வாங்கும் முடிவோ பெரும்பாலும் அப்பாவுடையது அல்லது மகனுடையது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த 2017க்குப் பிறகு நாட்டு இனங்கள் மேல் புதுப் பெருமை வந்து, சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட இடமில்லாத மாடி வீடுகளுக்குக்கூட வந்து சேர்ந்தன. பிறகு ஒரு பயிற்சியாளரை அமர்த்துகிறார்கள். அவர் காலை ஆறு மணிக்கு வருவார், ஒரு மணி நேரம் தெருமுனையில் பழக்குவார், மாதச் சம்பளம் வாங்குவார். அவரிடம் நாய் பெட்டிப் பாம்பாக அடங்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அவர் ஏமாற்றுகிறார் என்று முணுமுணுப்பதில் நியாயம் இல்லை. அவரிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதை நாய் கற்றிருக்கிறது. மிச்சம் இருபத்து மூன்று மணி நேரம் அதைப் பழக்குபவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடிக் குடித்தனக்காரர், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, கேட்டுக்கு வெளியே நின்று உசுப்பேற்றும் பக்கத்து வீட்டுப் பையன் ஆகியோரையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. காம்பவுண்டு வீடுகளில் 'வீட்டார்' என்ற சொல் கொஞ்சம் விரிந்துதான் ஆகவேண்டும்.

'நாய்க்கு எஜமான் ஒருத்தன்தான். பத்துப் பேர் பழக்கினால் ஒருத்தனுக்கும் அடங்காது' என்பார்கள். நம் பக்கத்தில் இதற்குச் சாட்சியாக எப்போதும் ராஜபாளையத்தைக் கூப்பிடுவார்கள். 2005இல் இந்திய அஞ்சல்துறை நாய்களுக்கென வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் இடம்பெற்ற இனம். அந்நியரை அண்டவிடாது, வளர்த்தவனைத் தவிர யாரையும் மதிக்காது என்று பெயர் எடுத்தது. பிறவிக் குணம் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவில் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய நூல் ஒன்று உண்டு. ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி யார் யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் உலகத்து ஆட்களாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. ஒரே ஆள் கூண்டில் வைத்து வளர்த்த குட்டி ஒரே ஆளுக்குத்தான் அடங்கும். அதை இனத்தின் வீரம் என்று பேசுவது, பூட்டி வளர்த்த பிள்ளையைச் சாதுவான பிள்ளை என்பது மாதிரி. போலீஸ் நாயும் இந்த வாதத்துக்கு உதவாது. அது வேலைக்காகப் பழக்கப்பட்டது. குழந்தை தவழும் கூடத்தில், விருந்தாளி வரும் வாசலில் அது வாழவில்லை. ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர் என்ற ஏற்பாட்டுக்குள் அதன் நாள் ஓடிவிடும்.

ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, வீட்டிலும் அப்படியே என்று படித்தவர்கள் இதே வாதத்துக்குச் சட்டை மாட்டுவார்கள். அந்தக் கருத்து ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் எழுதியதிலிருந்து பரவியது. அவர் பார்த்தது ஒன்றோடொன்று உறவில்லாமல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை. 1970இல் தன் நூலில் இதை ஊருக்கெல்லாம் கொண்டுபோன டேவிட் மீச், காட்டு ஓநாய்களை நேரில் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு 1999இல் தானே மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள். அடித்துப் பிடித்து நாற்காலியில் ஏறிய தலைவன் அங்கே இல்லை. பெற்றவர்கள் முன்னால் நடக்க, பிள்ளைகள் பார்த்துக் கற்கின்றன. அதாவது ஓநாயைச் சாட்சிக்கு அழைத்தாலும் அது குடும்பத்தின் பக்கம்தான் பேசுகிறது.

வேறொரு தடை எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 'உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து நாய்க்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? மேலூரில் களத்து நாய்க்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? கிடை போடும் கீதாரியின் நாய் பள்ளிக்கூடம் போனதா? எல்லாம் ஒழுங்காக இருக்கவில்லையா?' இருந்தன. பயிற்சி இல்லாமல் அல்ல. நம் பக்கத்தில் எந்த ஊர்த் தெருவிலும் செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு: தெருநாய் முன்னால் சட்டென்று குனியுங்கள், கை தரையைத் தொடுவதற்குள் அது பத்தடி போயிருக்கும். கையில் கல் வேண்டியதில்லை, தரையிலும் கல் வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை குனிந்தாலும் எண்பது வயதுப் பெரியவர் குனிந்தாலும் அதே ஓட்டம்தான். குனிந்தவர் எறிவார் என்பதை எல்லாரும், எல்லா நாளும், ஒரே விதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு ஒருமனதாக நடந்த நாய்ப் பயிற்சி வேறில்லை. அதைக் கொடூரமான பாடம் என்று ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த லேப்ரடார் குனிந்தவரிடம் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும், அதற்கு அந்தப் பாடம் நடக்கவில்லை. கிராமத்து நாய் படி தாண்டாமல் நின்றதற்கும் காரணம் இதுவே. படி தாண்டக்கூடாது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருக்கவில்லை. நகரத்து வீட்டில் மகன் நாயைக் கட்டிலில் ஏற்றுகிறான், அம்மா கூடத்தில் நிறுத்துகிறார், தாத்தா வாசலுக்கு விரட்டுகிறார். மூன்று எல்லைகள் போட்டால் எல்லையே இல்லை என்றாகிவிடும்.

காளை வளர்க்கும் வீடுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் யாரையும் நெருங்கவிடாமல் சுற்றி நின்று விளையாடும் காளை, வீட்டில் ஒரு சின்னப் பெண் கயிற்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே போகும். பொங்கல் தோறும் பத்திரிகைகளில் வரும் படம்தான், வியப்பதற்காக அச்சிடுகிறார்கள். வியக்க ஒன்றும் இல்லை. நீச்சலுக்குக் கூட்டிப்போவதும் மண் குத்தப் பழக்குவதும் ஆண்கள் வேலையாக இருக்கலாம். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவதும் தவிடும் புண்ணாக்கும் கலந்து வைப்பதும் குளிப்பாட்டுவதும் வீட்டுப் பெண்கள் கை. இன்னொன்றும் உண்டு: காளையிடம் எப்படிப் போக வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எதைச் செய்து சீண்டக்கூடாது என்பது அந்த வீட்டுப் பொடியன் வரைக்கும் ஒரே மாதிரி தெரியும். தவறினால் உயிர் போகும் என்பதால் யாரும் வேறு மாதிரி நடப்பதில்லை. நாயிடம் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். நாய் விஷயத்தில் நமக்கு அறிவு குறைவு என்று நான் சொல்லமாட்டேன், பயம் குறைவு.

'நாய் அவ்வளவு மக்கு இல்லை. அப்பாவிடம் ஒரு மாதிரி, அப்பத்தாவிடம் ஒரு மாதிரி நடக்க அதற்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று கேட்டால், பாதி சரி என்றே சொல்வேன். ஆளுக்கு ஆள் வேறுபடுத்தி நடக்க நாய்க்கு நன்றாகவே தெரியும், அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் சோபாவிலிருந்து இறங்கும் நாய்கள் எத்தனையோ. சோபா போன்ற சில்லறை விஷயங்களில் அப்படியே விட்டுவிடலாம். வாசலில் மட்டும் அது செல்லாது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து இருபது பேர் வந்து இறங்குகிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது, கூடத்தில் பாய் விரித்து ஆட்கள் படுத்திருக்கிறார்கள், பழகாத நாலு பிள்ளைகள் நாயின் வாலைப் பிடிக்கிறார்கள். அதட்டி அடக்கும் அப்பா அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போயிருக்கிறார். அவருக்கு மட்டும் அடங்கிய நாய் அந்த நேரத்தில் யாருக்கும் அடங்காத நாய். வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கலாம், அப்போதும் பல் பல்தான். 'விடு', 'வா', 'நில்' என்ற மூன்று சொல்லுக்காவது வீட்டில் யார் சொன்னாலும் அது கேட்க வேண்டும். கேட்கும் என்றாலும் சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு நகரக்கூடாது.

குச்சியை எடுத்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2004இல் வெளியான ஆய்வில், பரிசு கொடுத்துப் பழக்கியவர்களின் நாய்கள் நன்றாகப் பணிந்தன. தண்டித்தவர்களின் நாய்களிடம் தொல்லைகள் கூடுதலாக இருந்தன. வியன்னாவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு இன்னும் நம் விஷயத்துக்கு நெருக்கமானது: முன்னுக்குப்பின் முரணாக நடந்துகொண்டவர்களின் நாய்கள் குறைவாகப் பணிந்தன. முரட்டு நாய் என்பதால்தான் அடித்தார்களோ, அடங்காத நாய் என்பதால்தான் சலித்து முரணாக நடந்தார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த ஆய்வுகளால் மட்டும் அதற்கு விடை சொல்ல முடியாது. புறாக்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கடைசியில் அப்பத்தாவிடம் வரவேண்டும். எல்லா வீட்டிலும் திட்டம் உடைவது அவரிடம்தான் என்று சொல்லிச் சொல்லி அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். அவர் கையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்குவதில் பொருளில்லை. வாய்க்கு வாய் பகிர்ந்து உண்டவருக்கு, ஒரு உயிர் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் தின்பது தாங்காது. பிடுங்கவும் தேவையில்லை. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர், பொறுமை உள்ளவர் அவர், நாய் கண்ணெடுக்காமல் பார்ப்பதும் அவரை. பயிற்சிப் புத்தகங்கள் நல்ல பயிற்சியாளருக்குச் சொல்லும் தகுதிகள் இவைதான். பிஸ்கட் கொடுக்காதீர்கள் என்பதற்குப் பதில், 'உக்காந்த பிறகு குடுங்க அப்பத்தா' என்று ஒரே ஒரு வார்த்தை கூட்டினால் போதும். ஒரு பிஸ்கட்டை எட்டாக உடைத்தால் ஒரு பாக்கெட்டில் ஒரு வாரப் பாடம் நடக்கும். வீட்டின் பொதுச் சொல்லாக 'சிட்' வேண்டாம், அவர் வாயில் தடுமாறாமல் வரக்கூடிய 'உக்காரு'வே இருக்கட்டும். நாய்க்கு இங்கிலீஷ் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மகன் மாற்றிக்கொள்வது அவர் மாற்றிக்கொள்வதைவிட எளிது. பயிற்சியாளரை வரச்சொல்வதானாலும் காலை ஆறு மணிக்கு வேண்டாம். ராத்திரி எட்டரைக்கு, எல்லாரும் தட்டெடுத்து உட்காரும் நேரத்துக்கு வரச்சொல்லுங்கள்.